ஆளுக்கொரு கொம்பு

எங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்கு நான்கு ஆன்டெனாக்கள். பார்க்கக் கொம்பு மாதிரி இருக்கும். நான்கும் சேர்ந்து வேலை செய்யத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலோ பங்கு போட்டுக்கொண்டார்கள்! அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, அக்காவுக்கு இரண்டு. எனக்குப் பட்டை நாமம்.

போகிறபோதும் வருகிறபோதும் அவரவர் கொம்பை அவரவர் அறைப் பக்கம் திருப்புவார்கள். அப்புறம், "நெட்டே வரலை!" என்று கத்துவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்துவிடும்.

அன்று சாயங்காலம் மட்டும் அதிசயமாக எல்லோரும் ஒன்றுகூடினார்கள். கப்பலில் இன்ஜினியராக இருக்கும் அம்மா கூப்பிடப்போகிறாள். கப்பல் கிளம்பிவிட்டால் ஒரு மாதத்துக்கு வீடியோவில் பேச முடியாது. தம்பிப் பாப்பா முந்தாநாள்தான் நடக்க ஆரம்பித்திருந்தான். அதை அம்மா பார்த்தே ஆகவேண்டும்.

கூடத்தில் ஒரு முக்காலிமேல் லேப்டாப்பை வைத்தோம். அம்மா வந்தாள். ஆனால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது.

"பாப்... நட... சொல்..."

"நடக்கச் சொல்றா! எல்லாக் கொம்பையும் லேப்டாப் பக்கம் திருப்புங்க!" என்றார் அப்பா.

சித்தப்பா ஓடிப்போய் ஒன்றைத் திருப்பினார். படம் நின்று நின்று வந்தது. அக்கா இரண்டைத் திருப்பினாள். படம் அப்படியே உறைந்துவிட்டது. அப்பா கடைசிக் கொம்பை லேப்டாப்பை நோக்கிக் குறிபார்த்து நீட்டினார். குரலும் போச்சு!

இதற்குள் தம்பி எழுந்து, நடந்து, விழுந்து, கொட்டாவியும் விட்டுவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பாரேன்," என்றார் அப்பா சித்தப்பாவிடம்.

எனக்கு வந்ததே கோபம்!

"சாய்க்கச் சாய்க்க மோசமாகுது, அதுகூடவா தெரியலை? எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க!"

சுவரில் உயரத்தில் இருந்த பெட்டி எனக்கு எட்டாது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். நுனி நம் பக்கம் திரும்பினால் கெடுகிறது. அப்படியென்றால் நுனி வழியாக எதுவும் வரவில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு கொம்பை நிமிர்த்தினேன். குரல் கரகரத்தது. இன்னொன்றை நிமிர்த்தினேன். படம் அசைந்தது. நான்கையும் நேராக நிறுத்தினேன். அம்மாவின் கன்னத்தில் இருந்த கிரீஸ் கறைகூடப் பளிச்சென்று தெரிந்தது!

"யாரு சரி பண்ணினது?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா! இவங்களோட என்னால முடியலை. எல்லாத்தையும் உன் பக்கமே திருப்பி வச்சாங்க!"

அம்மா சிரித்துவிட்டாள். "நுனியில இருந்து ஒண்ணும் வராதுடி. பக்கவாட்டில, சுத்திலும்தான் அலை பரவும். சரி சரி, கப்பல் கிளம்பப்போகுது. பாப்பாவைக் காட்டு!"

அப்பா கை தட்டினார். சித்தப்பா விசில் அடித்தார். தம்பி கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களை அவன் மதிக்கவே இல்லை.

"வாடா தங்கம், அம்மாகிட்ட வா," என்று அம்மா கையை நீட்டினாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். எழுந்தான். தள்ளாடித் தள்ளாடி முக்காலிவரை வந்து, திரையில் தெரிந்த அம்மாவின் மூக்கில் பளாரென்று ஓர் அடி வைத்தான்.

"வந்துட்டியாடா, என் செல்லமே!"

அம்மா அழுதுகொண்டே சொன்னது, ஓர் எழுத்துகூட அறுபடாமல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.