நாற்காலிப் படத்தில் பென்சில் டிக்குகள்

“ஆன்ட்டி, படத்தைத் திருடினது எங்கப்பாதான். நீங்க நிரூபிச்சு மட்டும் குடுங்க.”

அழாத குறையாக வந்து நின்ற வெண்மதியைப் பார்த்ததும் பிரபாவதி தோசைக்கல்லை இறக்கிவைத்தார். சுரங்க அலுவலக ரெக்கார்டு ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் எது காணாமல் போனாலும் இவரிடம்தான் வருவார்கள். கணவர் ராமலிங்கத்துக்கு இதில் இன்னும் ஆர்வம். குற்றவாளியைப் பிடிப்பதில் மகா வேகம். சரியான ஆளைப் பிடிப்பதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

வெண்மதி படத்தை விரித்தாள். கை வைத்த நாற்காலிதான். ஆனால் ஒரு கை மஞ்சள் உருளை, மறு கை நீல அலை, முதுகில் கறுப்பு வெள்ளைக் கட்டம். நாலு காலுக்கும் நாலு நிறம், அதில் ஒன்று கோணல். பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், உடனே உட்கார ஆசையும் வரும்.

“நாளைக்கு சென்னையில டிசைன் காலேஜ் இன்டர்வியூ. முந்தாநேத்து இதைச் சுருட்டி பீரோ மேல வெச்சேன், காணாம போச்சு. இன்னிக்குக் காலையில பார்த்தா அதே இடத்துல மடிச்சு இருக்கு. அப்பா சுரங்கத்துல பர்மனென்ட் ஃபிட்டர். என்னையும் இங்கயே அப்ரன்டிஸ்ல சேரச் சொல்றாரு. அவருகிட்ட சொல்லாமலே சாயங்காலம் பஸ் ஏறிடப் போறேன்.”

“உங்கப்பா கண்ணையன்தான்! கேஸ் முடிஞ்சுது!” என்று ராமலிங்கம் தொடையைத் தட்டினார்.

“எடுத்தது அவருதான். ஏன்னு இன்னும் தெரியலையே.” பிரபாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மடிப்பைப் பாரும்மா. உன் பேரு இருக்கிற மூலை மேல தெரியுது. ட்ராயிங்கை ஃபைல்ல வைக்க இப்படித்தான் மடிப்பாங்க. கெடுக்க எடுத்தவரு கிழிச்சிருப்பாரு.”

அவர் விரல் படத்தில் எழுதியிருந்த அளவுகளின் மேல் நகர்ந்தது. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் பென்சிலில் பொடி டிக். கோணல் காலுக்கு மட்டும் ஒரு வட்டமும் கேள்விக்குறியும்.

“அளவெல்லாம் சரியான்னு யாரோ செக் பண்ணியிருக்காங்க. செய்யப் போற பொருளுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடுவாங்க.”

வெண்மதி குனிந்து அந்த டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதற்குள் ராமலிங்கம் வெளியே ஓடி, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த கண்ணையனைக் கைது செய்த தோரணையில் கூட்டிவந்தார்.

படத்தைப் பார்த்ததும் கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டார். “முத்தாண்டிக்குப்பத்துல குஞ்சிதபாதம் சாருகிட்ட காட்டினேன் மேடம். எங்க ட்ராயிங் ஆபீஸ்ல இருந்தவரு. செக் பண்ணாத ட்ராயிங்கை வெச்சிக்கினு நான் ஒரு பைப்பையும் அறுத்ததில்லைங்க.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா?”

“எதுக்குன்னு கேப்ப. நான் என்னா சொல்றது? நீ பாஸ் பண்ணிடுவ, போயிடுவ. பக்கத்துலயே இருப்பன்னுதான் அப்ரன்டிஸ்ல சேரச் சொன்னேன். சரி, இதையாவது செஞ்சு வூட்ல போட்டு ஒக்காந்துக்கினு இருக்கலாம்னு பாத்தேன்.”

வெண்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையை அடக்க அவளால் முடியவில்லை. “அப்பா, இன்னிக்கு சாயங்காலம் நான்...”

“தெரியும். இன்டர்வியூ லெட்டரையும் படத்துக்குள்ளதானே சுருட்டி வெச்சிருந்த?” கண்ணையன் மகளின் கண்ணைத் துடைத்தார். “நாளைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் வரேன். ஒன்னைத் தனியாவா அனுப்புவேன்?”