மார்கழியில் மட்டும் கேட்ட ஊசி

"சார், எங்க வூட்டுல யாரோ என் ஊசி மருந்த எடுத்துட்டு வெறுந்தண்ணிய ரொப்பி வெச்சிருக்காங்க!"

அரூரில் ஓய்வாக இருந்த முன்னாள் மருந்து ஆய்வாளர் சந்திரமோகன், மூச்சிரைக்க நின்ற சுகுணாவுக்கு நாற்காலியைக் காட்டினார். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசி அது.

"மார்கழில நாலு கிலோ கொறஞ்சேன். பிரியாணிய பாத்தாலே வேணாம்னு இருக்கும். தை மாசம் புதுசு வாங்குனேன், இப்ப ஏழு தோசைங்க சார்! எல்லாம் என் கொழுந்தன் பொண்டாட்டி ரேவதி வேல. ஆளு குச்சியாட்டம் இருப்பா. இன்னிக்கே தனிக்குடித்தனம் போறேன்."

உதவியாளர் குமார் துள்ளி எழுந்தார். "ஒல்லியா இருப்பாங்களா? அப்ப மருந்த எடுத்துப் போட்டுக்கிட்டது அவங்கதான் சார்!"

"ஒல்லியா இருக்கறது குத்தமில்ல குமார்."

சந்திரமோகன் அவள் கொண்டுவந்த ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் திப்பி திப்பியாக மிதந்தது. அட்டைப்பெட்டி நனைந்து காய்ந்ததுபோல் சுருங்கியிருந்தது. அதன் மடிப்பில் ஒரு ரோஜா இதழ்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன தொழில்?"

"பொம்மிடில கல்யாண மாலை கட்டறாருங்க."

"மார்கழியிலயுமா?"

"மார்கழில யாருங்க கல்யாணம் பண்ணுவாங்க?"

சந்திரமோகன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பொம்மிடி வீட்டில் சுகுணாவின் கணவர் மாதுவும் ரேவதியும் காத்திருந்தார்கள். சந்திரமோகன் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மறுநாள் முகூர்த்தத்துக்கான மாலைகள் கதவுவரை அடைத்துக் கிடந்தன.

"தண்ணி ரொப்பியிருந்தா திப்பி வராது. யாரும் எதையும் மாத்தல. மாது, மாலை வைக்கிற அன்னிக்கு ஊசிய எங்க வைப்பீங்க?"

"மேல ஃப்ரீசர்ல சார். குளிரு ஜாஸ்தியா இருந்தா மருந்து இன்னும் நல்லா இருக்கும்னு... காலைல பழையபடி கதவுல வெச்சுருவேன்."

"இது புரத வகை மருந்து. குளிர் வேணும், ஆனா உறையக் கூடாது. ஒரு தடவ உறைஞ்சாலே கெட்டுப்போகும். மார்கழில முகூர்த்தம் இல்ல, ஃப்ரிட்ஜ்ல மாலை இல்ல, ஊசி வேல செஞ்சுது. தைலேருந்து முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அது ஐஸாச்சு. இத இனி போடாதீங்க. டாக்டரப் பாத்துப் புதுசு வாங்குங்க."

மாது தலையைச் சொறிந்தார். குமார் ரேவதியின் கண்ணில் படாமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

சுகுணா தயங்கித் தயங்கி ரேவதியின் கையைப் பிடித்தாள். "ரேவதி, என்னைய ரெண்டு அறை அறைஞ்சுரு."

"அறையறதா? புது ஊசி வரட்டும்க்கா," ரேவதி சிரித்தாள். "வாராவாரம் நானே குத்தறேன்."