நீலச் சட்டையும் பித்தளைத் தூளும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, திருத்தணியில் உள்ளூர்க்காரர்களுக்கும் நடக்க இடம் கிடைத்த ஒரு காலையில், சாவிக்கடை மருமகள் பிரேமகுமாரி, கங்காதரன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கங்காதரன் ரயில்வேயில் சரக்குத் திருட்டு விசாரிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீல் உடையாத வேகனுக்குள் மூட்டை காணாமல் போனால் அரக்கோணத்திலிருந்து அவரைத்தான் தேடி ஆள் வரும். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் அவரை விடவில்லை. ஊரார் விட்டாலும் அவருடைய மனைவியின் தம்பி ஜெகநாதன் விடுவதாக இல்லை.

ஜெகநாதனுக்கு முப்பது வயது. பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிற வேலை. மதராஸிலிருந்து வரும் துப்பறியும் நாவல்களில் ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை. பூட்டு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். பிரேமகுமாரி உட்காருவதற்குள்ளேயே, "என்னம்மா திருடு போச்சு?" என்று கேட்டுவிட்டான்.

"சட்டைங்க. ஒரு பழைய நீலச் சட்டை."

ஜெகநாதனுக்குச் சப்பென்று போய்விட்டது. கங்காதரன் மட்டும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "யாரோட சட்டை?"

"என் வூட்டுக்காரரோடதுங்க."

அவள் புருஷன் பிரபுதாஸ் பட்டாள ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே செத்துப்போனான். பட்டாளத்தில் தொழில் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பி வைத்தது அவனுடைய அப்பா சத்தியநாதன். அதை அம்மா மார்த்தாள் மன்னிக்கவே இல்லை. பிள்ளையின் சாமான்களையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். புருஷனும் மருமகளும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது.

"கடைசி லீவுல வந்தப்ப அவரு போட்டுக்கினு இருந்த சட்டைங்க அது. அத்தை அத தோய்க்காமயே வெச்சிருந்தாங்க. அவரு வாசன அதுல இருக்குதாம். அடிக்கடி தெறந்தா போயிடும்னு, அவரு பொறந்த நாளைக்கு மாத்திரம்தான் தெறப்பாங்க. முந்தாநாள் தெறந்தாங்க. சட்டை இல்ல. பூட்டு உடையல. இந்த வூட்டுல சாவி வெட்டறவ நீ ஒருத்திதானே, ஞாயித்துக்கிழமை கெளம்பிடுன்னுட்டாங்க."

"உங்க மாமனாரும் சாவிக்காரர்தானே?"

"மாமாவுக்கு ரெண்டு கண்ணுலயும் பொறை வுழுந்துடுச்சிங்க. போன வருஷத்துலருந்து மிஷின்ல கை வெக்கிறதில்ல. பூட்டு ரிப்பேரு மட்டும் தடவிப் பாத்து செய்வாரு."

"இதுக்கு அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. குனிஞ்ச தலை நிமிராம உக்காந்துகினு இருக்காரு." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "மணவூர்ல அண்ணன் இருக்காரு. சேத்துக்குவாரு. ஆனா அண்ணி எனக்குச் சோறு போடற ஒவ்வொரு தரமும் ஒரு பெருமூச்சு வுடும். இங்க எனக்கு ஒரு வேல இருக்குது, ஒரு எடம் இருக்குது. நான் எடுக்கலீங்க ஐயா."

சொன்னதை அவள் அழாமல் சொன்னாள். ஜெகநாதன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

மலைப்படி தொடங்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சாவிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. முருகனுக்கு முடியைக் கொடுக்க வருகிற ஜனங்கள் சத்திரத்துச் சாவியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டுப் போவார்கள் என்பதால் கடைக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. சத்தியநாதன் ஒரு மூலையில் முக்காலி மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பூட்டை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மார்த்தாள் பெட்டியைக் காட்டினாள். கங்காதரன் பூட்டைக் கையில் வாங்கி, சாவித் துவாரத்தில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் கிளறி, கைக்குட்டை மேல் தட்டினார். பொடியாகத் தூள் விழுந்தது.

"உங்க சாவி வெள்ளை உலோகம்மா. இது மஞ்சள். பித்தளையில ஒரு சாவி வெட்டி, பிசிறுகூட ராவாம உள்ள விட்டிருக்காங்க."

"நான் சொல்லலியா?" என்றாள் மார்த்தாள். "ஆனியில எனக்குக் குளிர் ஜுரம். நெனவு தப்பிக் கெடந்தேன். அப்பதான் கழுத்துலருந்து சாவிய எடுத்திருக்கணும். பக்கத்துல உக்காந்து கஞ்சி குடுத்துகினு இருந்தது இவதான். எம்புள்ளைய ரெண்டாந் தரம் பறிகொடுத்துட்டேங்க."

சட்டை இருந்த இடத்துக்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டி. அதன் மடிப்பில் பச்சையும் கறுப்புமாக ஒரு விரல் கறை. மிஷின் எண்ணெயும் பித்தளைத் தூளும் கலந்தால் வருகிற நிறம். ஜெகநாதன் பிரேமகுமாரியின் விரல்களைப் பார்த்தான். அதே நிறம். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளவில்லை.

"இந்த மிஷின் எப்படி வேல செய்யுதுன்னு காட்டும்மா," என்றார் கங்காதரன்.

அது யுத்தத்துக்கு முன்னால் மதராஸிலிருந்து வரவழைத்த கைமிஷின். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிடிகள். இடது பிடியில் மாதிரிச் சாவியையும் வலது பிடியில் பல் வெட்டாத பித்தளைச் சாவியையும் வைத்து அவள் இறுக்கினாள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, இடது பக்கத்து ஊசி மாதிரிச் சாவியின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போயிற்று. வலது பக்கத்துப் பல் சக்கரம் அதே மேடு பள்ளங்களைப் பித்தளையில் வெட்டிக்கொண்டு போயிற்று. முடிந்ததும் ஒரு சின்ன பிரஷ்ஷால் இரண்டு பிடிகளையும் துடைத்தாள்.

"தூளு அடியில தங்கினா அடுத்த சாவி தூக்கிக்கும். வெட்டு தப்பாயிடும்."

"ஊசி தானா நகருமா?"

"நகராதுங்க. திருகு போட்டு இறுக்கியிருக்கு. ஆனியில ஒரே ஒரு தரம் நகந்திருந்தது. அத்தைக்கு ஜுரம் அடிச்சப்ப. காலையில சத்திரத்துக்கு ஒரு சாவி வெட்டினேன், பல்லெல்லாம் ஆழமா எறங்கிடுச்சி. பாத்தா ஊசி பின்னால போயி, இதோ இந்த வெட்டுல நின்னுகினு இருந்தது. எதுனா புள்ளைங்க திருகியிருக்கும்னு சரி பண்ணிக்கினேன்."

ஊசித் தண்டில் அரத்தால் போட்ட மெல்லிய ஒரு வெட்டு இருந்தது. இப்போது ஊசி அதற்குச் சற்று முன்னால் நின்றது.

"இந்த வெட்டு எதுக்கு?"

"மாமா போட்டதுங்க. ஊசி எங்க நிக்கணும்னு வெரலுக்குத் தெரியறதுக்கு."

"இப்ப அங்க நிக்கலியே?"

அவள் மூலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பழைய சக்கரம் தேஞ்சி சின்னதாயிடுச்சிங்க. சித்திரையில நானே புதுசு மாட்டினேன். புதுசு பெருசு. அதுக்கேத்தா மாதிரி ஊசிய முன்னால தள்ளி வெச்சேன். மாமாகிட்ட சொல்லல. பழசு அவரும் அவரு புள்ளையும் சேந்து மாட்டினது. கழட்டிட்டேன்னு சொல்ல மனசு வரல."

கங்காதரன் தலையாட்டினார். பிறகு கழிவுப் பித்தளை டப்பாவைக் கவிழ்த்து, கிளறி, ஒரு சாவியை எடுத்து மார்த்தாளின் சாவியோடு சேர்த்துப் பிடித்தார். அதே மேடு, அதே பள்ளம். ஒவ்வொரு பள்ளமும் நூலிழை அளவு ஆழம் அதிகம்.

திரும்பும் வழியில் ஜெகநாதன் அக்கா புருஷனிடம் பொரிந்து தள்ளினான். "வெட்டத் தெரிஞ்சவ அவ ஒருத்தி. கையில கறை. ஜுரத்துல பக்கத்துல இருந்தவளும் அவதான். நல்ல பொண்ணுதான் பாவா, ஆனா முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியுமா?"

"ஜெகா, சக்கரத்த மாத்தினது யாரு?"

"அவதான்."

"அத யோசி. நாளைக்கு நான் சத்தியநாதன்கிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசணும்."

இரவெல்லாம் யோசித்தும் ஜெகநாதனுக்குப் பாதிதான் விளங்கியது. பிரேமகுமாரி குற்றவாளி இல்லை என்பது அந்தப் பாதி. அது போதாதா? நாலு பேர் முன்னால் பழி சொன்னால் நாலு பேர் முன்னால்தானே துடைக்க வேண்டும்? அவன் படித்த நாவல் எதிலும் துப்பறிகிறவர் தனியாகப் பேசிவிட்டுப் போனதில்லை. விடிந்ததும் முதல் ஆளாகச் சாவிக்கடைக்குப் போய், பாவா உண்மையைச் சொல்ல வருகிறார் என்று மார்த்தாளையும் மருமகளையும் கிழவரையும் கடையில் உட்கார்த்தி வைத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைகளெல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

கங்காதரன் வந்தார். மூன்று பேரையும் பார்த்தார். ஜெகநாதனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நாம அப்புறம் பேசலாமா?" என்று சத்தியநாதனிடம் கேட்டார்.

"இப்பவே சொல்லிடுங்க," என்றாள் மார்த்தாள். "இவ எடுத்தாளா இல்லியா?"

"எடுக்கலம்மா." அவர் மிஷின் பக்கத்தில் போய் நின்றார். "கள்ளச் சாவி வெட்டினவங்க இந்த ஊசியப் பின்னால தள்ளி, பழைய வெட்டுல வெச்சிருக்காங்க. பழைய சக்கரத்துக்கு அது சரியான எடம். புதுச் சக்கரத்துக்குத் தப்பு. அதனாலதான் மொதல்ல வெட்டினது ஆழமாப் போயி டப்பாவுக்குப் போச்சு. வேல முடிஞ்சதும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஊசிய மறுபடியும் அந்த வெட்டுலயே வெச்சிருக்காங்க. அதுதான் எப்பவும் இருக்கற எடம்னு அவங்க நம்பினாங்க. சக்கரத்த மாத்தினது பிரேமகுமாரி. அவ அந்தத் தப்ப செய்யவே முடியாது. சக்கரம் மாறினது தெரியாத ஒருத்தர்தான் செய்ய முடியும்."

அத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். யார் என்று சொல்லவில்லை. மீதிப் பாதி ஜெகநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏன் தனியாகப் பேச வேண்டும் என்றாரோ அதுவும் விளங்கியது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

"சக்கரம் மாத்திட்டியாம்மா?" என்றார் சத்தியநாதன். அந்த இரண்டு நாளில் வணக்கத்துக்கு மேல் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "மொத சாவி தெறக்கல. என் கைதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சேன். ஊசிய கொஞ்சம் முன்ன தள்ளி இன்னொண்ணு வெட்டினேன். தெறந்துது."

மார்த்தாள் கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"செவுத்துல அவன் போட்டோ இருக்குது. எனக்குத் தெரியல, மார்த்தா. வெறும் புகையாத்தான் தெரியுது. நீ சர்ச்சுக்குப் போறப்பல்லாம் அந்தச் சட்டைய எடுத்து மூஞ்சில வெச்சிக்குவேன். கண்ணு போனவனுக்கு அதான் புள்ள." அவர் கைகளை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "ஒரு நாளு கையில எண்ண இருந்தது தெரியாம தொட்டுட்டேன். நீ கறையப் பாத்துடுவியேன்னு பயம். சோப்பு போட்டுத் தோச்சேன். காய வெச்சி எடுத்து மோந்து பாக்கறேன், சோப்புதான் இருக்குது. அவன் இல்ல. நான்தான் அவன அனுப்பினேன், மிச்சம் இருந்ததையும் நானே தோச்சிட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?" கேட்டது ஜெகநாதன். கேட்டிருக்க வேண்டாம்.

"திருடு போச்சின்னா என்னிக்கினா ஒரு நாளு கெடைக்கும்னு இருப்பா. தோச்சாச்சின்னு தெரிஞ்சா அவளுக்கு என்ன இருக்குது?"

உடைந்த பூட்டுகள் போட்டிருந்த பெட்டிக்கு அடியிலிருந்து அவர் ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மார்த்தாள் பிரித்து, நீலச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஜெகநாதன் தெருவைப் பார்த்தான். மலையிலிருந்து யாரோ மொட்டைத் தலையோடு சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

"போன வருஷமே இதுல வாசன இல்ல," என்றாள் மார்த்தாள். "இருக்குதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன்." சட்டையை மடித்தாள். "ஆனா நீங்க கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றார் அவர்.

மார்த்தாள் மருமகள் பக்கம் திரும்பினாள். அந்த அம்மாள் யாரிடமும் கெஞ்சி ஊர் பார்த்ததில்லை. "பிரேமா, நான் சொன்னத மனசுல வெச்சிக்காதம்மா. ஆத்திரத்துல சொல்லிட்டேன். நீ எங்கயும் போவாத."

பிரேமகுமாரி மிஷின் பக்கம் போனாள். பிரஷ்ஷை எடுத்து இரண்டு பிடிகளையும் துடைத்தாள். சக்கரத்தின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். மிஷின் மேல் துணியைப் போர்த்தினாள். பிறகு உள்ளே போய், ஏற்கெனவே கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியோடு வந்தாள்.

"நீங்க சொன்னதுக்கு எனக்கு வருத்தம் இல்ல அத்தை. உங்களுக்குத் தெரியாது, சொன்னீங்க. மாமாவுக்குத் தெரியும்."

கங்காதரன் அவிழ்க்கக்கூடிய முடிச்சு முன்பே அவிழ்ந்துவிட்டது. ஜெகநாதன் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஸ்டேஷன் வரை அதைத் தூக்கிக்கொண்டு வருவதைத் தவிர அவனால் ஆகக்கூடியது வேறெதுவும் இல்லை.

வாசற்படியில் அவள் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான். சத்தியநாதனின் முகம் அவளுடைய காலடிச் சத்தம் ஓய்ந்த பக்கமே திரும்பியிருந்தது. பிரேமா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள் என்று ஜெகநாதன் இன்றைக்கும் சொல்லுவான். கிழவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.