பொருத்தம் நாற்பத்தொன்று

லூர்தம்மாளின் அடையாள அட்டை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டில் கிடந்தது. அவள் படம், அவள் பெயர், அரசு முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. இந்தப் பக்கம் நின்றவள்தான் சரியில்லை என்றது குணமானி. பொருத்தம் நாற்பத்தொன்று விழுக்காடு. விண்ணப்பித்தவர் இவரல்லர்.

கைரேகையை ஒழித்ததற்கு அரசு சொன்ன காரணமே அவளைப் போன்றவர்கள்தான். தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரிய விரலில் ரேகை ஏது? அதனால் குணரேகை வந்தது. குணமானி ஏழு கேள்விகள் கேட்கும். பதில் சொல்கையில் மூச்சும் நாடியும் குரலும் எப்படிப் போகின்றன என்று அளந்து வைத்துக்கொள்ளும். விரல் தேயலாம், முகம் சுருங்கலாம், குணம் மட்டும் மாறாது என்று அறிஞர் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவில் ஒருவராவது அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருப்பாரா என்பது சந்தேகம்.

லூர்தம்மாள் விண்ணப்பித்துப் பதினான்கு மாதமாகிறது. அன்று எதற்கெடுத்தாலும் "சரிங்கய்யா" என்றாள். குணமானி அதைப் பதிந்துகொண்டது. பிறகு ஒருநாள் இயந்திரம் பழுது. ஒருநாள் அதிகாரிக்குப் பயிற்சி. அச்சான அட்டை வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வர ஐந்து மாதம். பதினோரு முறை வெறுங்கையோடு போனாள். பன்னிரண்டாம் முறை வந்தபோது அட்டை இருந்தது, பொறுமை இல்லை.

அவளுக்கு அவசரம். கடல் அவள் தெருவுக்குள் நுழைந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஓதம் ஏறுகிற நாளில் அடுப்படிவரை தண்ணீர். மேட்டுக் குடியிருப்பில் வீடு பெறுவோர் பட்டியலை நாளை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். அட்டை இல்லாமல் பெயர் ஏறாது.

விண்ணப்பித்த நாளுக்கும் வாங்குகிற நாளுக்கும் நடுவில் இந்த நாட்டில் யாரும் துக்கப்படக் கூடாது, திருந்தவும் கூடாது. கோவில்பட்டிக்காரர் ஒருவர் குடியை விட்டதால் அவருக்கு ஓட்டுநர் உரிமம் மறுக்கப்பட்டது. மறுபடி குடிக்கத் தொடங்கியதும் கையில் கொடுத்தார்கள். அலுவலக வாசலில் மனு எழுதித் தந்தவர்கள் எல்லாம் இப்போது பழைய குணத்தைப் பழக்கித் தருகிறார்கள். லூர்தம்மாளும் அங்கே அரைமணி நேரம் தலைகுனிந்து பழகிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். நாடி காட்டிக்கொடுத்துவிட்டது. முப்பத்தெட்டு.

கண்காணிப்பாளர் சிவசுப்பு, வீட்டுக்குப் போய் மனசு அமைதியான பிறகு வரும்படி சொன்னார். பத்தொன்பது வருடமாக எல்லாரிடமும் சொல்வதுதான். லஞ்சம் வாங்காதவர், நேரம் தவறாதவர், விதியை ஒரு நூல் அளவும் தாண்டாதவர். இப்படிப்பட்டவரிடம் மாட்டுவதற்கு ஒரு கெட்டவரிடமே மாட்டித் தொலைக்கலாம்.

லூர்தம்மாள் நகரவில்லை.

"அந்தப் பொறுமைக்காரிதான வேணுங்கீய? பதினோரு தடவ வந்தாளே சார் அவ. நீங்கதான அவள திருப்பி அனுப்பி அனுப்பித் தீத்தீய. இப்ப மிச்சம் இருக்கது நான்தான். எங்கிட்டக் குடுங்க."

சிவசுப்பு தட்டில் கிடந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புருவத்துத் தழும்புகூட அதே இடத்தில் இருந்தது. கண்ணுள்ள எவனுக்கும் தெரியும் இவள்தான் அவள் என்று. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

மேலொப்பம் என்று ஒரு வசதி சட்டத்தில் உண்டு. கண்காணிப்பாளர் தம் குணரேகையை வைத்து எந்த அட்டையையும் விடுவிக்கலாம். அவர் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. இப்போது எழுந்து போய்க் குணமானியின் தகட்டில் கை வைத்து, இந்த அம்மாளின் அட்டையை விடுவிக்கும்படி சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது.

பொருத்தம் இருபத்தேழு. கண்காணிப்பாளர் சிவசுப்பு பத்தொன்பது ஆண்டுகளில் எவருக்கும் இரங்கியதாகப் பதிவு இல்லை. கை வைத்தவர் அவரல்லர்.

அவருடைய திரை அணைந்தது. வேற்றாள் நுழைந்துவிட்டதாக மணி அடித்தது. தினமும் காலையில் அவருக்குச் சல்யூட் வைக்கிற காவலரே வந்து கையைப் பிடித்து வெளியே விட்டார். நான் யார் தெரியுமா என்று சிவசுப்பு வாழ்நாளில் முதன்முறையாகக் கத்தினார். கத்தக் கத்தக் கதவிலிருந்த குணமானியில் பொருத்தம் இறங்கிக்கொண்டே போனது.

பின்னாலேயே வெளியே வந்த லூர்தம்மாள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"சத்தம் போடாதீய சார். போட்டா இன்னுங் கொறையும்."

அலுவலகம் மூடும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு எப்படியாவது உள்ளே போய்விடுவேன், போனதும் முதல் வேலை உங்கள் அட்டைதான் என்றார் சிவசுப்பு. மனசாரத்தான் சொன்னார்.

மறுநாள் காலை கதவுத் தகட்டில் கை வைப்பதற்கு முன் அவர் சற்று நின்றார். வேலை போய்விட்டால் என்ன ஆவது என்று யோசித்தார். தன் பெயரே தனக்கு இல்லை என்று ஆகிவிட்டால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க நேற்றைய இரக்கம் வடிந்து, நெஞ்சு பழகிய பாதைக்கு வந்தது. தொண்ணூற்றொன்பது. கதவு திறந்தது.

வரிசையில் முதல் ஆளாக லூர்தம்மாள் நின்றாள். அட்டை அதே தட்டில் கிடந்தது. கொஞ்சம் இரங்கினால் மறுபடி வெளியே பெஞ்சில்தான் என்பது சிவசுப்புவுக்குத் தெரியும். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், மனசு அமைதியான பிறகு வாருங்கள் என்றார்.

அவள் கோபப்படவில்லை. கண்ணாடிக்கு அருகே குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து ஒரு சார் இருந்தாவளே, அவிய வரலியா?"

"அப்படி யாரும் இந்த ஆபீஸ்ல இல்லம்மா."

குணமானி அவருக்கு நூறு போட்டது.