பதினேழாம் எண் டேக்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு, தங்கமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் திரையில் ஒரு சொல் மாறியது. பத்தொன்பது நாளாகப் பதினேழாம் எண்ணுக்கு நேராக 'வெய்ட்டிங்' என்று கிடந்த வரி, இப்போது 'ரிசீவ்ட்' என்று காட்டியது.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாறவில்லை.

வெளியே மழை. அரை நாள் வேலை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் இருந்த அந்தச் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் அப்போது அவளும், கேட்டில் ஒரு காவலாளியும், ஜன்னலுக்கு அப்பால் வரிசையாக நின்ற எண்ணெய்த் தொட்டிகளும்தான்.

தொட்டி கழுவ இறங்குகிறவன் இடுப்பு பெல்ட்டில் தீப்பெட்டி அளவு ஒரு டேக் மாட்டியிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பேட்டரி தாங்க வேண்டுமே, அதனால் அது பெரும்பாலும் உறங்கும். உறங்கும்போது யார் கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது. குறித்த நேரத்துக்குத் தானாக விழித்து, பக்கத்தில் இருக்கும் ரிலே பெட்டியிடம் 'எனக்கு ஏதாவது இருக்கா?' என்று கேட்கும். அந்த எண்ணுக்கு ஏதாவது வந்திருந்தால் பெட்டி அதுவரை பத்திரமாக வைத்திருந்து கொடுக்கும். இல்லையென்றால் டேக் மறுபடி உறங்கிவிடும். பெட்டிக்குப் பெட்டி கைமாற்றி, எல்லாச் சேதியும் தங்கமணியின் மேசைக்கு வந்து சேரும். மேசையில் இரண்டே பொத்தான். சிவப்பை அழுத்தினால் டேக் நீளமாக ஒரு முறை அதிரும்: வெளியே வா. மஞ்சளுக்குக் குட்டையாக இரண்டு அதிர்வு: அங்கேயே நில்.

முதலில் டேக்குகள் பத்து விநாடிக்கு ஒரு தரம் விழித்தன. வாரா வாரம் பேட்டரி செத்தது, ஸ்டோரில் முணுமுணுத்தார்கள். தங்கமணிதான் அதை நாலு நிமிடமாக மாற்றினாள். அதே தொட்டிகளில் வேலை பார்த்த அவள் மகன் ஜெயராஜ் சிரித்தான்.

"அதுவும் என்னய மாதிரி தூங்கட்டும் விடும்மா. நீ எட்டுத் தடவ கத்தினாத்தானே நான் எந்திரிக்கிறேன்."

ஆறாம் தொட்டியில் விஷக்காற்று கிளம்பிய அன்று அவள் சிவப்பை அழுத்தினாள். மூன்று பேருடைய டேக் விழித்துக் கேட்டது, மூன்று பேர் ஏறி வந்தார்கள். ஜெயராஜின் பதினேழு உறங்கிக்கொண்டிருந்தது. அது விழிக்க இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது. அதற்குள் அவன் தொட்டியடிச் சேற்றில் குப்புற விழுந்துவிட்டான். டேக்கும் சேற்றில் மூழ்கிச் செத்தது. அவள் அனுப்பிய 'வெளியே வா' மட்டும் பெட்டியில் 'வெய்ட்டிங்' என்று அப்படியே தங்கிவிட்டது.

குளிப்பாட்டி உடுத்தும்போது அவனுக்குப் பிடித்த அந்த பெல்ட்டைத்தான் மாட்டச் சொன்னாள். டேக்கைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை. வாய்க்கரிசி போட்டபோது, தூங்கும்போது போலவே வாய் லேசாகத் திறந்துதான் இருந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால், கால்வாய்க்கு அந்தப் பக்கம், பழைய தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள்.

நாலு பதினாறு. பதினேழு கேட்டது: எனக்கு ஏதாவது இருக்கா?

எந்தப் பெட்டி வழியாக என்றும் திரை காட்டியது. முப்பத்தொன்று. கால்வாய் பம்பு.

கிள்ளானில் இருந்த மேற்பார்வையாளர் இராமலிங்கத்தின் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி காஞ்சு உயிர் வந்திருக்கும் லா. அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுன்னு நானும் எத்தன தடவ சொல்றேன்? குடுத்திருந்தா பழைய மெசேஜ் தானா அழிஞ்சிருக்கும்ல?"

"மனசு வரலண்ணே."

"சரி சரி. எவனாவது ஸ்டோர்லருந்து எடுத்து வெளயாடுறான். கார்டுகிட்ட சொல்லு."

"ஸ்டோர்ல இல்லண்ணே. அது அவன் இடுப்புல இருக்கு."

போனில் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தத்தை அவர் அணைத்தார்.

"தங்கமணி," என்றார் மெதுவாக. "நீ வீட்டுக்குப் போ. இப்பவே போ. நான் வரேன்."

போனை வைத்தாள். நாலு இருபது. பெட்டி இருபத்தேழு. பின்வேலி.

போகலாம்தான். குடை கதவோரம்தான் இருந்தது. ஆனால் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கம்கெட்ட ஒரு ஆசை நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வந்தது. என் பிள்ளை. ஒரு தரம் முகத்தைப் பார்த்து, அந்த நாலு நிமிடத்தை மாற்றியது அம்மாதான் என்று சொல்லிவிட்டால் போதும்.

நாலு இருபத்து நாலு. பெட்டி இருபத்திரண்டு. ஆறாம் தொட்டி. அங்கே மூன்று முறை கேட்டது. பன்னிரண்டு நிமிடம் அங்கேயே. ஜன்னல் வழியே பார்த்தாள். தொட்டிக்கடியில், மழைக்குள், இருட்டாக ஏதோ சாய்ந்திருந்தது. தூணாகவும் இருக்கலாம். பிறகு பார்த்தபோது இல்லை.

நாலு முப்பத்தாறு. பெட்டி ஒன்பது. மாடிப்படி.

பச்சை மண் வாசனை வந்தது. அதோடு வாடிய ரோஜா மாலை வாசனை, எண்ணெய்ச் சேற்றின் காறல். கீழே படியில் சதக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. காலைத் தூக்கி வைக்கப் பழகாதவன் ஏறுகிற மாதிரி.

நாலு நாற்பது. கேட்டது. பெட்டி ஒன்பதுதான்.

அவள் கை மஞ்சள் பொத்தானுக்குப் போய்விட்டது. மனசு சொல்லிப் போகவில்லை, கை தானாகப் போனது. அழுத்தினாள்.

'வெய்ட்டிங்'.

இப்போதுதான் கேட்டுவிட்டு உறங்கியிருக்கிறது. இனி நாலு நிமிடம் அதற்கு எதுவும் கேட்காது. டேக் உறங்குகிறது. கால் நடக்கிறது.

சதக்.

கதவு திறந்தது. முதுகில் ஈரக்காற்று. அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். அதன் கண்ணாடியில் அவள் முகம். பின்னால், வாசல் நிறைய, ஒரு கறுப்பு.

நாலு நாற்பத்திரண்டு.

டிக். டிக். மழைதான் ஒழுகுகிறது என்று நினைத்தாள். செருப்புப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ உருண்டு வந்து நின்றது.

அரிசி.

நாலு நாற்பத்து மூன்று. மிக அருகில். மூச்சு இல்லை. வாசனை மட்டும்.

நாலு நாற்பத்து நாலு.

காதுக்குப் பின்னால், அவன் இடுப்பில், குட்டையாக இரண்டு அதிர்வு.

எல்லாம் நின்றது.

'ரிசீவ்ட்'. பெட்டி ஒன்று. அவள் மேசையின் பெட்டி.

"ஐயா," என்றாள். "அம்மாதான்யா... அம்மாதான் மாத்தினேன்."

உயிரோடு இருந்தபோது எட்டுத் தடவை கத்தினால்தான் எழுந்திருப்பான். இப்போது ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றான்.

திரைக் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. நகமெல்லாம் செம்மண். அவள் தோளைத் தொட நீண்டு, ஒரு விரல்கடை மிச்சம் இருக்கும்போது அப்படியே அந்தரத்தில் நின்றிருந்தது. கழுத்தைப் பிடிக்க வந்ததா, கட்டிக்கொள்ள வந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மேசையில் இரண்டே பொத்தான். வெளியே வா. அங்கேயே நில். அவள் சொல்ல வந்ததற்கு மூன்றாவது ஒன்று இல்லை.

நாலு நாற்பத்தெட்டு. பதினேழு கேட்டது: எனக்கு ஏதாவது இருக்கா?

அவள் மடியில் ஒரு அரிசி விழுந்தது.

நாலு ஐம்பத்திரண்டு. கேட்டது.