அம்சவல்லியின் ஆறு எழுத்துகள்

எங்கள் புதுப் படகுக்கு என் தங்கை பெயரைத்தான் வைக்கப்போகிறார்கள்.

மாரியம்மன் கோயிலில் இரண்டு சீட்டு எழுதிப் போட்டார்கள். ஒன்றில் ‘தனபாக்கியம்’; அது நான். இன்னொன்றில் ‘அம்சவல்லி’. சீட்டை எடுத்தவளும் அவளேதான். வீட்டில் சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டுமாம். எனக்குப் பதினொரு வயது ஆனது என் தவறா?

நான்கு நாட்களாக நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

படகு ஞாயிறு காலை தண்ணீரில் இறங்குகிறது. அதில் ஒட்ட எழுத்துகள் வெட்டி வாங்க, சனிக்கிழமை அப்பா எங்கள் இருவரையும் முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே ஹலீமா அக்கா லேசரில் வெட்டித் தரும் கடை வைத்திருக்கிறார்.

“வாங்க அண்ணே. நாலு மணிக்குக் கரண்ட் போயிடும். அதுக்குள்ள முடிச்சிடுவோம்.”

சிவப்பு அக்ரிலிக் தகட்டை இயந்திரத்துக்குள் வைத்து மூடினார். மூடியிலிருந்த கருப்புக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன்.

“லேசர் எங்கே இருக்கு அக்கா?”

“பின்னாடி ஒரு நீளக் குழாய் இருக்கு. அது அசையவே அசையாது. அதிலேருந்து வர்ற ஒளியை மூணு கண்ணாடி திருப்பித் திருப்பி அனுப்பும். முதல் கண்ணாடி மூலையில. ரெண்டாவது, இந்தக் குறுக்குக் கம்பியோட இடது முனையில. மூணாவது, கம்பி மேல ஓடுற இந்தத் தலையில. அங்கேருந்து ஒளி லென்ஸ் வழியா கீழே இறங்கி வெட்டும்.”

“குழாய் சும்மா இருக்கும், கண்ணாடிதான் ஓடுமா?”

“அதேதான்!”

தலை இடமிருந்து வலமாக ஓடியது. அ, ம், ச மூன்றும் அழகாக வெட்டுப்பட்டன. வ முக்கால்வாசி. ல், லி இரண்டிலும் வெறும் கோடுதான் விழுந்தது.

“அந்தப் பக்கம் தகடு தடிமனா இருக்கு போல” என்று அக்கா வேறு தகடு வைத்தார். அதிலும் அப்படியே ஆனது.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ரெண்டு தடவையும் தடங்கல். இந்தப் பேர்ல அம்மனுக்கு இஷ்டமில்ல. நாளைக்குப் பேரில்லாமலே படகு இறங்கட்டும். அப்புறம் மறுபடி சீட்டுப் போடுவோம்.”

மறுபடி சீட்டு! என் மனம் துள்ளியது.

ஆனால் ஒன்று உறுத்தியது. தகடு வேறு வேறு. கெட்டுப்போன இடம் மட்டும் ஒன்றே: வலது பக்கம். இரண்டாவது கண்ணாடியை விட்டுத் தலை தூரமாகப் போகும் இடம்.

நான் நினைப்பது தவறென்றால் சிரிப்பார்கள். சரியென்றால் மறுசீட்டு கிடையாது. இரண்டிலும் எனக்குத்தான் நஷ்டம். வாயை மூடிக்கொண்டேன்.

அம்சவல்லி என் கையைப் பிடித்தாள். “அக்கா, என் பேரு சாமிக்குப் பிடிக்கலையா?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“சாமி இல்லடி. கண்ணாடி” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“தப்பாவும் இருக்கலாம் அக்கா. ஆனா ரெண்டு தகட்டுலயும் இடது பக்கம் நல்லா வெட்டுச்சு. தலை தூரமாப் போகப் போக ஒளி விலகுதோ?”

ஹலீமா அக்கா சிரிக்கவில்லை. மூன்றாவது கண்ணாடிக்கு முன்னால் காகித டேப் ஒட்டினார். தலையை இடது ஓரத்தில் நிறுத்தி, மூடியை மூடி, ஒரு நொடி லேசரை விட்டார். டேப்பின் நடுவில் கருகிய புள்ளி. புது டேப் ஒட்டி வலது ஓரத்தில் விட்டார். புள்ளி விளிம்புக்குப் போயிருந்தது!

“அம்மனை விடுங்க அண்ணே. காலையில ரெண்டாவது கண்ணாடியைத் துடைச்சது நான். என் கைதான் அதைச் சாய்ச்சிருக்கு!”

அந்தக் கண்ணாடியின் திருகுகளை மயிரிழை அளவு திருப்பினார். டேப், புள்ளி. மறுபடி டேப், புள்ளி. கடைசியில் இரண்டு ஓரத்திலும் புள்ளி நடுவில் விழுந்தது. கரண்ட் போக ஐந்து நிமிடம் இருக்கையில் ‘லி’ வெட்டுப்பட்டுக் கையில் வந்தது.

பேருந்தில் அம்சவல்லி கேட்டாள்: “நீ சொல்லாம இருந்தா மறுபடி சீட்டுப் போட்டிருப்பாங்கல்ல?”

“போட்டா மட்டும்? எடுக்கப்போறது நீதானே!”

“ஆமால்ல!” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை, நூல் பிடித்து, அளந்து, எழுத்துகளைப் படகில் நான்தான் ஒட்டினேன். பொறாமை போய்விட்டதா என்று யோசித்தேன். முழுதாகப் போகவில்லை. ஆனாலும் ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.