பின்னால வாறாங்க

மேசையில் தேநீர்க் கோப்பைகள் பதினான்கு இருந்தன. சுற்றி உட்கார்ந்திருந்த வயதானவர்கள் பதினொரு பேர். சுலக்ஷனா இரண்டு தடவை எண்ணினாள். தன் எண்ணிக்கையில் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லாததால் மூன்றாம் தடவையும் எண்ணினாள். மூன்று கோப்பைகள் ஆளில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் ஆவி பறக்க இருந்தன. வந்ததும் வராததுமாகக் குறை கண்டுபிடிக்கிறவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்கி, நோட்டுப் புத்தகத்தில் ‘கோப்பை 14, ஆட்கள் 11’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. வேலை முடிந்து வரும் பஸ்ஸில் ஒரு வாரமாக யோசித்து எழுதியவை. கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? மருந்து அலுமாரிக்குப் பூட்டு உண்டா? இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? பன்னிரண்டாவது கேள்வி மட்டும் அழித்து அழித்து எழுதியதில் தாள் மெலிந்திருந்தது: அம்மா இங்கே இருப்பாளா?

அம்மா பேச்சியம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. நான்கு வருடங்களாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. மகளின் பெயர் போய்விட்டது. தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிறது என்பது மட்டும் போகவில்லை. முப்பது வருடம் விடியற்காலையில் களத்தில் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, கூடையோடு மலையேறிய உடம்பு அது. போன மாதம் தலையணை உறையை முதுகில் கட்டிக்கொண்டு ரயில் பாதையில் நடந்துபோனவளைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். சுலக்ஷனா அட்டன் மருந்துக்கடையில் வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு ஜோசப்பின் ஆன்ட்டி. மகளின் பிரசவத்துக்காக அவரும் திங்கட்கிழமை நானுஓயாவுக்குப் போகிறார். இன்று சனி. அதற்குள் ஓரிடம் வேண்டும்.

டிக்கோயாவிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம் ஏறினால் இந்த இல்லம். முன்பு பிள்ளைக்காம்பராவாக இருந்த கட்டடம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற இடம். ஏணை கட்டிய இரும்புக் கொக்கிகள் கூரையில் இன்னும் வரிசையாகத் தொங்கின. வாசலில் வருகைப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். முதலில் சேர்க்க இருப்பவர் பெயர், அடுத்து வந்தவர் பெயர். ‘பேச்சியம்மா’ என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள்.

பொறுப்பாளர் ஜீவராணி நாற்பதைத் தாண்டியவர். கலகலப்பான பெண்.

“எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கங்க தங்கச்சி. போன வாரம் ஒருத்தர் வந்தாரு, மாமியாரச் சேக்க. கட்டிலக்கூடப் பாக்கல. கேட்டுக்குப் பூட்டு இருக்கான்னு மட்டும் கேட்டுட்டுப் போனாரு!”

கம்பி இருந்தது. பூட்டு இருந்தது. படுக்கை விரிப்புகளில் வெயில் மணம்கூட இருந்தது. கேள்விகளுக்கு நேரே ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே கூடத்துக்குத் திரும்பியபோது பதினான்கு கோப்பைகளும் காலியாக இருந்தன. அடியில் சாயம் மட்டும் வளையமாக ஒட்டியிருந்தது. ஆளில்லாத அந்த மூன்று நாற்காலிகளும் சற்றே பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன, யாரோ எழுந்து போனதுபோல.

யாராவது இரண்டு கோப்பை குடித்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

நாலரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. முதலில் சவுக்கு மரங்கள் போயின, பிறகு கேட், பிறகு முற்றத்தின் பாதி. ஈரக் கம்பளியும் தைலமும் அடுப்புப் புகையும் கலந்த வாடை கூடத்துக்குள் வந்து தங்க, அதுவரை பொம்மைகளைப்போல இருந்த கிழவிகள் ஒவ்வொருவராகச் சேலையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். ஒருத்தி இல்லாத கூடையைத் தேடினாள். இன்னொருத்தி கதவைப் பிடித்து ஆட்டினாள்.

“மசங்குற நேரம் வந்தா இப்படித்தான்” என்றார் ஜீவராணி. “விடியுதுன்னு நெனைச்சிக்குவாங்க. மல்லுக்கட்டிப் பாத்தோம், மாத்திரை குடுத்துப் பாத்தோம். அப்புறந்தான் யோசிச்சேன், பெரட்டுக்குத்தானே போகணும்? இங்கேயே வச்சிருவோம்னு. பேர் விழுந்துட்டா போதும், சாந்தமாப் படுத்துருவாங்க.”

நான்கு வருடமாகச் சுலக்ஷனா அம்மாவிடம் ‘பெரட்டு இல்லைம்மா, வேலை இல்லைம்மா’ என்று கத்தியிருக்கிறாள். ஒருநாளாவது பெயரைக் கூப்பிட்டிருக்கலாமே. பன்னிரண்டாவது கேள்விக்கு நேரே, மிக லேசாக, ஒரு சரி போட்டாள்.

ஜீவராணி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டினார். பதினொரு பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். பத்துப் பேர்தான் வரிசையில். பதினோராவது ஆள் எதிரே நின்ற மரியநாயகம். ஒரு காலத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், இப்போது சோற்றுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாதவர். கையில் வருகைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

“அது கையில இருந்தாத்தான் அவருக்கு நிம்மதி” என்று ஜீவராணி சிரித்தார்.

“லெட்சுமி!”

“வந்துட்டேங்கய்யா.”

“அழகன்!”

“வந்துட்டேங்கய்யா.”

குரல்களில் நடுக்கம் இல்லை. முதுகுகள் நிமிர்ந்திருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாய் அசைவதைச் சுலக்ஷனா பார்த்துக்கொண்டே வந்தாள். பத்து வாய்களும் அசைந்து முடிந்தன.

“நிரோஷன்!”

“வந்துட்டேங்கய்யா.”

இளம் குரல். வரிசையில் யாருடைய உதடும் அசையவில்லை.

“கிருஷாந்தி!” அதற்கும் பதில் வந்தது. “ஜெரோஷன்!” அதற்கும்.

“அக்கா, இப்ப பேசினது யாரு?”

“மலை எதிரொலிக்குது தங்கச்சி. இங்க தும்முனா மூணு தரம் கேக்கும்.”

“நிரோஷன்னா?”

“நம்ம காளியாயியோட மகன். தாயப் பாக்க வந்து புத்தகத்துல பேரெழுதிட்டுப் போனாரு. இப்ப மேலுக்கு முடியலையாம், கண்ணத் தொறந்தபடியே கெடக்காராம், பாவம். கணக்கப்பிள்ளை அந்தப் பேர விடமாட்டேங்குறாரே, நானும் அந்தக் கணக்குக்கே கோப்பை வச்சிர்றது. கொறஞ்சா இவங்க அழுவாங்க.”

எதிரொலி என்றால் கூப்பிட்ட குரல்தானே திரும்பி வர வேண்டும்? கேட்க வாயெடுத்தாள். தான் சரியாகக் கேட்டோமா என்ற சந்தேகம் முந்திக்கொண்டது. மரியநாயகம் பக்கத்தைப் புரட்டினார்.

“பேச்சியம்மா!”

பதில் இல்லை.

“பேச்சியம்மா!”

வரிசை கலைந்தது. லெட்சுமி விம்மத் தொடங்கினாள். காளியாயி தன் கையைத் தானே பிராண்டிக்கொண்டாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

“ஒரு பேரு விழலைன்னா உள்ள வரமாட்டாங்க, பனியில நின்னே செத்துருவாங்க” என்று ஜீவராணி பதறினார். “தங்கச்சி, நீங்களே ஏதாச்சும் சொல்லிருங்க!”

என்ன சொல்ல வேண்டும் என்பது சுலக்ஷனாவுக்குத் தெரியும். தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். யாராவது பிந்திவிட்டால், அன்றைய பெயர் போய்விடாமல் இருக்க, சொந்தக்காரர் ஒருவர் அவருக்காகக் குரல் கொடுப்பார். சின்ன வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்ட சொல்.

“பின்னால வாறாங்க, ஐயா.”

மரியநாயகம் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வரிசை முழுவதும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. பிறகு லெட்சுமி வலப்பக்கம் ஓரடி நகர்ந்தாள். காளியாயி இடப்பக்கம் ஓரடி நகர்ந்தாள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்.

எல்லாரும் கேட்டின் பக்கம் திரும்பினார்கள்.

போன் அடித்தது. ஜோசப்பின் ஆன்ட்டி.

“பாப்பா, அம்மா... கதிரையிலதான் உக்காந்திருக்காங்க. மூச்சு வருது. கண்ணு தொறந்திருக்கு. கூப்பிட்டா திரும்பல பாப்பா. கன்னத்தத் தட்டுறேன், கண்ண இமைக்கக்கூட இல்ல. இப்பத்தான், இந்த நிமிஷந்தான். உள்ள ஆளே இல்லாத மாதிரி...”

“அம்மாவ எழுப்புங்க ஆன்ட்டி. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க!”

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்!”

மூட்டத்துக்குள் சரளைக் கல் நெரிந்தது.

ஒரு அடி. இன்னொரு அடி. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு காலில் உரசும் சத்தம். அந்த இருமல். பச்சைக் கொழுந்தின் வாடை, வியர்வையின் வாடை. சின்ன வயதில் ஒவ்வொரு சாயங்காலமும் இதுபோன்ற ஒரு பிள்ளைக்காம்பரா வாசலில் சுலக்ஷனா காத்திருந்த வாடை.

கேட் பூட்டியபடியே இருந்தது.

அம்மா வந்தாள். முப்பது வயது அம்மா. கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த, குனிந்த தலையோடு, மகளைத் தாண்டிப் போனாள். தொட்டுவிடும் தூரம். லெட்சுமிக்கும் காளியாயிக்கும் நடுவில் நின்றாள்.

“வந்துட்டேங்கய்யா.”

“அம்மா.”

திரும்பவில்லை.

ஜீவராணியைக் காணவில்லை. கூடத்துக்குள் ஒரு கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இன்னொன்று.

மரியநாயகத்தின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. அவள் எழுதிய வரி. அவளுடைய கையெழுத்து.

“சுலக்ஷனா!”

அவள் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பற்களைக் கடித்தாள். மூச்சையும் அடக்கினாள். சொல்ல மாட்டாள். எத்தனை தரம் கூப்பிட்டாலும்.

“சுலக்ஷனா!”

வரிசையில் அம்மா ஓரடி தள்ளி நின்றாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம்.

நான்கு வருடமாக மகளின் பெயரை மறந்திருந்த அம்மா, தலை நிமிர்ந்து, தெளிவான குரலில் சொன்னாள்:

“என் மக சுலக்ஷனா, ஐயா. பின்னால வாறா.”